பாவாவின் இடது கண்

எனக்கு வாள் வீசத் தெரியும் என்று சொன்னால் திருத்தணியில் யாரும் நம்பமாட்டார்கள். அரக்கோணம் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். மலைப் படியில் வழுக்கியவர்கள், பைக்கோடு சரிந்தவர்கள், மாடு முட்டியவர்கள் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புவது என் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக அதே அறை, அதே கனத்த கதவு. அந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை எனக்கு இருந்தது என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

சென்னையில் டிப்ளமா படித்தபோது, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனான். அங்கே பத்துப் பதினைந்து பேர் முகத்தில் கம்பி வலை போட்ட முகமூடியை மாட்டிக்கொண்டு, நீளமான நைலான் வாள்களால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சினிமாச் சண்டை இல்லை அது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ எழுதி வைத்த கையேடுகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, காலை எங்கே ஊன்றுவது, இடுப்பை எப்போது திருப்புவது என்று பாடம் மாதிரி பழகினார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ஒரு பல் டாக்டர், பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. எனக்கு அதுவரை எந்த விளையாட்டும் கைவந்ததில்லை. கிரிக்கெட்டில் என்னை பவுண்டரி ஓரத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். வாளைப் பிடித்த முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்தது. இதற்கு உயரம் வேண்டாம், பலம்கூட அவ்வளவாக வேண்டாம். எதிரில் நிற்பவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று அவன் தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும். மூன்று வருடம் ஒரு ஞாயிறு விடாமல் போனேன்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் அது நின்றுபோனது. அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நைனாவும் போனார். எனக்கென்று மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். என்னைவிட ஒன்பது வயது பெரியவள். எனக்குச் சோறு போட்டு, யூனிபார்ம் துவைத்து, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வரவேண்டும் என்று சொன்ன போதெல்லாம் வந்து நின்றவள். அவளைக் கனகம்மாசத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை பாவா என்றுதான் கூப்பிடுவோம். பாவாவுக்குத் திருப்பதி ரோட்டின் மேலேயே ஒரு வெல்டிங் ஷாப். கேட், ஜன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர் ரிப்பேர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே வந்து சாப்பிட வேண்டும் என்பதில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கமாட்டாள்.

வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, சென்னையிலிருந்து கொண்டுவந்த நைலான் வாளால் தினமும் காலையில் அடித்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்றார். எதிர் மாடிக்குத் துணி காயப்போட வரும் பெண்கள் என்னைப் பார்த்ததும் வாளியோடு திரும்பிவிடுவார்கள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு போட பாவா வந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாளை வாங்கிப் பார்த்து, இதையே இரும்பில் செய்தால் எந்த இடத்தில் எடை நிற்க வேண்டும் என்று கேட்டார். கைப்பிடிக்கு மேலே நாலு விரல் தள்ளி என்றேன். மறுவாரம் சாப்பிடப் போனபோது ஷாப் மூலையில் ஒரு இரும்பு வாள் சாய்த்து வைத்திருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து, நாலு நாள் தேய்த்து எடுத்திருக்கிறார். ஓரம் மழுங்கல். முனையை ஒரு ரூபாய்க் காசு மாதிரி உருட்டி விட்டிருந்தார். விரல் மேல் வைத்துப் பார்த்தேன். சொன்ன இடத்தில் அப்படியே நின்றது. அடுத்த ஞாயிறு முதல் அவரும் முகமூடி மாட்டிக்கொண்டு என்னோடு பழக ஆரம்பித்தார்.

பாவாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதிகம் பேசாதவர். பெரிய உடம்பு, கனத்த கை, மெதுவான கால். அவருக்கு நான் அடி சொல்லிக்கொடுக்கும்போது அவர் என்னை வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலும் வெளியிலும் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. ஷாப்புக்கு வாரம் முழுக்க யாராவது வந்து அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் அவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வியர்வையில் ஊறிப்போய் முகமூடியைக் கழற்றும்போது அவர் முகத்தில் ஒரு பையனின் சிரிப்பு இருக்கும். அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பேர் ஏழு பேர் ஆனோம். மணவூரிலிருந்து ரயிலில் வரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அம்மையார்குப்பத்திலிருந்து பைக்கில் வரும் ஒரு தறிக்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். தறிக்காரர் பருத்தித் துணியைப் பத்துப் பன்னிரண்டு மடிப்பு வைத்துத் தைத்து எங்களுக்கு அடிதாங்கும் சட்டைகள் கொண்டுவந்தார். கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும். கேடயத்துக்கு பிளைவுட், அதன் ஓரத்துக்கு சைக்கிள் டியூப். கையுறை விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விரல் எலும்பு எப்படி நொறுங்கும் என்று தினமும் பார்க்கிறவன். அதனால் கையைப் பற்றியே எச்சரித்துக்கொண்டிருந்தேன்.

வறண்ட ஏரிக்குள் பழகினோம். ஆட்கள் வாளோடு நிற்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போய் போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் எங்களை உட்காரவைத்து அதிகாரி வாள்களைத் தடவிப் பார்த்தார். கூர் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. இந்த ஒரு தடவை விடுகிறேன், இதனால் யாருக்காவது ரத்தம் வந்தது என்று தெரிந்தால் கேஸ் போட்டு உள்ளே வைப்பேன், அரசாங்கப் பரீட்சை எழுதுகிறவர்கள் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் அப்போது அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாவாவுக்கும் அது தெரியும்.

அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்பாள். அதற்குமேல் ஒரு பயம் இருந்தது அவளுக்கு. என்றாவது ஒருநாள் அவர் கை உன் மேல் பட்டுவிடும், அவருக்கு அவர் பலம் தெரியாது என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். நான்தான் அடிபடுவேன் என்று அவள் நினைத்தாள்.

பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர் ஒருவர் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். தக்கோலம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே நடந்த போரில் சோழ இளவரசன் யானை மேலேயே செத்தான் என்று செப்பேடு சொல்கிறது. அந்தப் போரைக் கல்லூரி விழாவில் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். சோழர்கள் எப்படி வாள் பிடித்தார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கோயில் சிற்பங்களின் போட்டோக்களைப் பார்த்து பாவா வாளின் வடிவத்தை மாற்றினார். அடிகள் மட்டும் நான் ஐரோப்பியக் கையேட்டில் படித்தவைதான். அது பொய் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன். மேடையில் முந்நூறு பேர் முன்னால் நிற்கப்போகிறோம் என்ற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

யானைக்குப் பதிலாக ஒரு டிராக்டர் டிரெய்லர். அதன் மேல் பாவா, இளவரசனாக. கீழிருந்து ஏறி அவரைக் குத்துகிறவன் நான். பேராசிரியர் ஒன்றே ஒன்றை வற்புறுத்தினார். கம்பி வலை முகமூடி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கிடையாது, முகம் தெரிய வேண்டும்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, ஷாப் திறப்பதற்கு முன்னால் கடைசிக் காட்சியை மட்டும் பழகிவிடலாம் என்று நானும் பாவாவும் தனியாகப் போனோம். ரிப்பேருக்கு வந்த டிரெய்லர் ஒன்றை அதன் சொந்தக்காரர் தன் களத்திலேயே விட்டிருந்தார். சுற்றிலும் அறுத்த வயல். ஆள் இல்லை. முகமூடியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். பாவா தயங்கினார்.

"அன்னிக்கி மட்டும் கழட்டிக்கலாம் மச்சான். பழகறதுக்கு மாட்டிக்கலாமே."

"மாட்டிகினு பழகிட்டு அங்க போயி கழட்டினா பார்வ மாறிடும் பாவா. எப்படி ஆடப்போறோமோ அப்படித்தான் பழகணும்."

அவர் கழற்றினார். வாத்தியார் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்கு மேல் வேறு காரணம் இல்லை.

இரண்டு தடவை சரியாக வந்தது. நான் டிரெய்லரின் விளிம்பில் ஒரு காலை வைத்து மேல்நோக்கிக் குத்த, அவர் தன் வாளால் அதை இடதுபுறம் தள்ளிவிட்டு, பிறகு அடுத்த குத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். ஆனால் அவர் மெதுவாகச் செய்தார். அரிசி மூட்டையை நகர்த்துவதுபோல இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவை வேகமாகக் குத்தினேன். முன்னால் சொல்லாமல் வேகமாகக் குத்தினேன். இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாள் வந்து சேருவதற்கு முன்னால் என் வாள் போய்விட்டது. கையில் எந்த அதிர்ச்சியும் இல்லை. எலும்பில் பட்டால் கைக்குத் தெரியும். ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் என்னை உறைய வைத்தது.

பாவா கத்தவில்லை. டிரெய்லர் பலகை மேல் மெதுவாக உட்கார்ந்தார். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தார். விரல் இடுக்கில் ரத்தத்தோடு வேறு ஒன்றும் வழிந்தது. நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"வாணா. ஷாப்புக்கு ஓட்டு. கட்டிங் மிஷின்ல தெறிச்சிச்சின்னு சொல்லிக்கலாம். நீ இங்க வரல. புரியுதா? நீ இங்க வரவே இல்ல."

துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டு அவர் பின்னால் உட்கார, நான் பைக்கை ஓட்டினேன். ஷாப்புக்குப் போனதும் ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்கினார். கட்டிங் மெஷினை ஆன் செய்து ஒரு இரும்புக் குழாயின் மேல் வைத்தார். பக்கத்து டீக்கடைக்குக் கேட்கட்டும் என்று. அரை நிமிடம் அது கத்தியது. அப்புறம் அணைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிடு என்றார். வீடு பின் தெருவில்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தபோது நான் அப்போதுதான் திருத்தணியிலிருந்து வந்தவனைப் போல நின்றேன்.

திருவள்ளூரில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். கண் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷினில் தெறித்தது என்றால் இரும்புத் துண்டு உள்ளே இருக்க வேண்டுமே என்று கேட்டார். நானும் படத்தைப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவன். உலோகத்தின் வெள்ளைப் புள்ளி எங்கேயும் இல்லை. மழுங்கிய ஒன்று உள்ளே போய்த் திரும்பிவந்திருக்கிறது என்று அந்தப் படம் எனக்குச் சொன்னது. டாக்டருக்கும் சொல்லியிருக்கும். பாவா படுத்தபடியே, பட்டதும் கீழே விழுந்துவிட்டது என்றார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொன்னதையே எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

விழா நடக்கவில்லை. பாவாவுக்கு ஷாப்பில் அடிபட்டது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏரிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. வாள்களை ஒரு சாக்கில் கட்டி ஷாப்புக்குக் கொண்டுபோனேன். துண்டு துண்டாக அறுத்துவிட்டு வந்தேன். எதுவும் லேசாகவில்லை.

ஒரு கண் போனால் இன்னொரு கண் இருக்கிறதே என்று மக்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். பாவாவுக்குத் தூரம் தெரியாமல் போனது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் ஊற்றினார். வெல்டிங் ராடைக் கோட்டின் மேல் வைக்க முடியவில்லை, ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். கிரில்கள் கோணலாகப் போய்த் திரும்பி வந்தன. செயற்கைக் கண் வைத்தார்கள். அது நகராது. அவர் என்னைப் பார்க்கும்போது ஒன்று என்னைப் பார்க்கும், இன்னொன்று சுவரைப் பார்க்கும்.

அக்கா அவரைத் திட்டினாள். தினமும் திட்டினாள். கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று எத்தனை வருடமாகச் சொன்னேன், கேட்டாயா என்பாள். தண்ணீர் சிந்தினால் திட்டு, வாசற்படியில் தடுக்கினால் திட்டு. அது கோபம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும். பாவா தலையைக் குனிந்துகொண்டு ஆங், தப்புதான் என்பார். நான் எதிரில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுவேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் அலைந்ததைப் பார்த்து, தம்பி இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். இரண்டு வருடம் இப்படிப் போனது. அரசு வேலை எனக்குக் கிடைக்கவும் இல்லை. பாவா எதற்காகக் காப்பாற்றினாரோ அதுவும் இல்லாமல் போனது.

ஒரு கிருத்திகைக்கு அக்கா மலைக்கு வருவதாகச் சொன்னாள். பாவாவின் இருக்கிற கண்ணுக்காக வேண்டுதல். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறி, வெள்ளித் தகட்டில் செய்த கண்ணை உண்டியலில் போட வேண்டும். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கூட ஏறினேன். நூறு படி தாண்டியிருப்போம். அவள் குனிந்து நிமிர்ந்து மூச்சு வாங்கி ஒரு மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்தாள். கீழே ஊரையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கி காலையில அடுப்புல பால் பொங்கி ஊத்திகினு இருக்குது, இவரு பக்கத்துலயே நின்னுகினு ஷூ மாட்டிகினு இருக்காரு. கண்ணு இன்னா அவிஞ்சா போச்சின்னு கேட்டுட்டேன். ரெண்டு மணி நேரத்துல அவிஞ்சி போச்சி. என் வாய்தான்டா. நான்தான் அவரு கண்ண எடுத்துட்டேன்."

அவள் அழவில்லை. வெகுநாளாக அழுது முடித்துவிட்டவள்போலப் பேசினாள். தினமும் அவரைத் திட்டியதெல்லாம் இதை அமுக்கி வைக்கத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. களம், டிரெய்லர், முகமூடி, கட்டிங் மெஷின், எல்லாம் சொன்னேன். உன் வார்த்தை இல்லை அக்கா, என் கை என்றேன். அவள் மனப்பாரம் இறங்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நீயா?" என்றாள்.

"ஆங்."

எழுந்து, "தட்ட குடு" என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த படியில் குனிந்து மஞ்சள் வைத்தாள். அதற்கடுத்த படியில் வைத்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் படிகளை எல்லாம் தனியாக ஏறி, வேண்டுதலை முடித்து, மறுபக்கம் பஸ்ஸில் இறங்கி ஊருக்குப் போய்விட்டாள். அது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவரை மண்டபத்தில் காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். அவள் கதவருகிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீ குத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கை தவறும். ஆனா ரெண்டு வருசமா அந்த மனுசன நான் நாய பேசற மாதிரி பேசினேன். நீ எதிர்ல உக்காந்து சோறு துன்னுகினே கேட்டுகினு இருந்த. உன்னால எப்பிடிடா சோறு துன்ன முடிஞ்சிச்சி?"

இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. திறந்த கதவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஷாப்புக்குப் போனேன்.

பாவா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேலை ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னிடம் கோபித்து நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"மனசு லேசாயிடிச்சா மச்சான்?"

அக்கா தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு தவித்தாள், அதனால்தான் சொன்னேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவ திட்டிகினு இருந்தா. திட்டறதுக்கு ஒரு ஆளு இருந்தான். திட்டிட்டு சோறு போடுவா, தூங்குவா. இப்ப அவ திட்டறதே இல்ல. தட்ட வெச்சிட்டு அந்தாண்ட போயிடறா. நான் பொய்யி சொன்னேன்ல, அதுக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். கண்ணுக்கா, சொன்னதற்கா என்ற அர்த்தத்தில்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிளம்பு என்று கையைக் காட்டினார்.

பிறகு அவர்களைப் பற்றி மற்றவர்கள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஷாப்பை வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் பாவாவுக்கு செக்யூரிட்டி வேலை. அக்கா வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். ஒரே வீட்டில் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நான் போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. தீபாவளிக்குப் புடவை வாங்கி அனுப்பினேன். பிரிக்காமல் அதே கவரில் திரும்பி வந்தது. ஸ்கேன் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானம் வீட்டில் இருந்தால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வரும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கனகம்மாசத்திரத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஸ்டாப்பில் பாவா நின்றுகொண்டிருந்தார். நீல யூனிபார்ம், தோளில் டிபன் பை. மெலிந்திருந்தார். பஸ் நம்பரைப் படிக்க முகத்தை முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. நாலடி தூரத்தில்தான் நான் நின்றேன். முதலில் அவர் பக்கத்தில் போகலாம் என்றுதான் கால் எடுத்தேன். போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நின்றவன் நகர்ந்து அவருக்கு இடதுபுறமாகப் போய் நின்றேன். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்தேதான் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். கை நீட்டினால் தொடலாம். பஸ் வந்தது. அவர் படியைக் காலால் தடவித் தடவிப் பார்த்து ஏறினார். பின்னால் நின்ற யாரோ சீக்கிரம் ஏறுங்க என்று அதட்டினார்கள். பஸ் போய்விட்டது.